வலப்பக்கம் மூக்கு வைத்த நத்தை

கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெயிலில் காயும் பாறைகளில், கூம்பு போன்ற ஓட்டோடு சில நத்தைகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். லிம்பெட் என்று அவற்றுக்குப் பெயர். மற்ற நத்தைகளின் ஓட்டில் உள்ள சுருள் இவற்றில் இருக்காது. கீழே வட்டமான விளிம்பு, மேலே ஒரு முனை, நடுவே சரிந்து இறங்கும் பக்கங்கள், அவ்வளவுதான். அலை எந்தத் திசையில் இருந்து அடித்தாலும் இந்தச் சரிவில் வழிந்து போய்விடும். பாறையோடு ஓட்டை அழுத்திக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரமும் எளிதில் ஆவியாகாது. இத்தனை வசதியான வடிவம் என்பதால், நத்தைகளின் குடும்ப வரலாற்றில் ஒன்றுக்கொன்று உறவு தூரமான பல கிளைகள் தனித்தனியாக இதே கூம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நன்னீர் ஓடைகளில் ஒன்று, ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் இன்னொன்று, உச்சியில் துளையோடு வேறொன்று.

அப்படி வந்து சேர்ந்தவற்றுள் மிகவும் ஏமாற்றுவது சைஃபனேரியா என்ற பேரினம். 'போலி லிம்பெட்' என்பது அதன் பொதுப்பெயர். உண்மையான லிம்பெட் வாழும் அதே பாறையில், பல இடங்களில் அதற்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓட்டோடு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. பாறையில் இருந்து எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

புரட்டினால் முதலில் ஓட்டின் விளிம்பு காட்டிக்கொடுக்கும். உண்மையான லிம்பெட்டின் ஓட்டை நடுவில் பிளந்தால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒத்துப்போகும். சைஃபனேரியாவின் ஓட்டில் வலப்பக்கம் மட்டும் சற்று வெளியே பிதுங்கியிருக்கும். கவிழ்த்து வைத்த அகல்விளக்கில் திரி போடும் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது போல. அந்த இடத்தில் ஓட்டின் உட்புறம் விரல் நகம் பதிந்த அளவுக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. அடுத்து, தசை ஒட்டியிருந்த தழும்பைப் பார்க்கலாம். இரண்டு வகையிலும் அது குதிரைலாட வடிவம்தான். உண்மையான லிம்பெட்டில் லாடத்தின் திறந்த வாய் தலை இருக்கும் முன்பக்கம் நோக்கியிருக்கும். சைஃபனேரியாவில் தழும்பு வலப்பக்கத்தில், சரியாக அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் அறுபட்டிருக்கும். தலையும் வேறு. உண்மையான லிம்பெட்டுக்கு இரண்டு உணர்கொம்புகள் உண்டு. சைஃபனேரியாவுக்குக் கொம்பே கிடையாது. இரண்டு அகலமான மடல்களும் அவற்றின் மேல் இரண்டு சிறு கரும்புள்ளிகளாகக் கண்களும் இருக்கும்.

வலப்பக்கத்துப் பள்ளம் எதற்கு? மூச்சுக்கு. அதன் அடியில் ஒரு துளை திறந்து மூடுகிறது. உள்ளே உள்ள அறை நம் தோட்டத்து நத்தையின் நுரையீரலுக்கு ஒப்பானது. கடல் வற்றியதும் அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது. கடல் ஏறியதும் அதே அறைக்குள் தண்ணீர் வருகிறது. அறைக்குள் மடிப்பு மடிப்பாகச் செவுள் ஒன்றும் இருக்கிறது. ஒரே அறையில் காற்றுக்கு ஓர் ஏற்பாடும் நீருக்கு ஓர் ஏற்பாடும் வைத்துக்கொண்டு, ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப நாள்தோறும் மாறி மாறி மூச்சு விடுகிற உயிர் இது. கடலில் பிறந்து கடலிலேயே சாகும் ஒரு நத்தைக்கு நுரையீரல் இருப்பதைவிடப் பெரிய வியப்பு அந்தப் பாறையில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

அதன் உறவுமுறையும் இதற்கு ஒத்துப்போகிறது. உண்மையான லிம்பெட்டுகள் நத்தை இனத்தின் மிகப் பழைய கிளை ஒன்றைச் சேர்ந்தவை. சைஃபனேரியா அதற்கு வெகுதூரம் தள்ளி, தரையில் வாழும் நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் அடங்கிய கூட்டத்தில் நிற்கிறது. 2010இல் காத்தரினா யோர்கரும் அவருடைய குழுவினரும் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் இந்தப் பெருங்கூட்டத்துக்குப் 'பான்பல்மனேட்டா' என்று பெயர் வைத்தார்கள். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஏறும் நத்தைக்கு, பாறையில் சைஃபனேரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான லிம்பெட்டைவிட சைஃபனேரியாதான் நெருங்கிய சொந்தம். தோட்டத்து நத்தையைப் போல இதிலும் ஆண் பெண் என்று தனித்தனியே கிடையாது. ஒவ்வொன்றும் இருபால் உயிரி. முட்டைகளைப் பாறைமேல் வழுவழுப்பான சுருள் நாடாவாக ஒட்டி வைக்கிறது. பெரும்பாலான இனங்களில் அந்த முட்டைகளில் இருந்து வரும் நுண்ணிய குஞ்சுகள் சில காலம் கடலில் மிதந்து திரிந்துவிட்டுப் பிறகு ஒரு பாறையைப் பிடிக்கின்றன. சில இனங்களில் மிதக்கும் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சி முடிந்து, ஊர்ந்து செல்லும் குட்டி நத்தையாகவே வெளியே வருகிறது. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு வேண்டும்.

மூச்சைப் பற்றி இன்னும் ஒன்று. தென்னாப்பிரிக்கக் கரையில் டேவிட் மார்ஷல், கிறிஸ்டோஃபர் மெக்வெய்ட் இருவரும் சைஃபனேரியா ஓக்யுலஸ் என்ற இனத்தை ஆராய்ந்து 1991இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நீர் வற்றிக் காற்றில் இருக்கும் நேரத்தில் அது தன் உடலின் இயக்க வேகத்தையே குறைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைவாகச் செலவாகிறது, சேமித்த சத்தும் மிஞ்சுகிறது. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த உண்மையான லிம்பெட்டில் இந்தத் திறன் தென்படவில்லை. தரைக்கு ஏறிய நத்தைகள் வறட்சியைத் தாங்கக் கற்ற வித்தையின் முதல் பாடம் இதுவாக இருக்குமோ என்று அவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வலிமையில் மட்டும் போலி, உண்மைக்கு ஈடு கொடுக்காது. உண்மையான லிம்பெட்டின் நாக்கில் கோதைட் என்ற இரும்புக் கனிமத்தால் ஆன பற்கள் இருக்கின்றன. 2015இல் ஏசா பார்பரின் குழு அளந்தபோது, அதுவரை அறிந்த உயிர்ப்பொருள்களிலேயே இழுவிசையை மிக அதிகம் தாங்குவது அந்தப் பல்தான், சிலந்தி நூலைவிடவும் மேல் என்று தெரிந்தது. அதை வைத்து அது பாறையையே சுரண்டுகிறது. சைஃபனேரியாவின் பற்கள் எண்ணற்றவை, நுண்ணியவை. பாறைமேல் படிந்த மென்மையான பாசிக்குத்தான் அவை உதவும். பிடியும் உண்மையான லிம்பெட்டின் அளவுக்கு இறுக்கம் இல்லை. பிறகு எப்படிப் பறவையிடமும் மீனிடமும் தப்பிக்கிறது? வேதிப்பொருளால். தொந்தரவு செய்தால் வெண்மையான கோழையைக் கசிய விடும். ஆஸ்திரேலியக் கரையில் உள்ள சைஃபனேரியா டென்டிகுலேட்டாவில் இருந்து ஹோச்லோவ்ஸ்கி, ஃபாக்னர் என்ற வேதியியலாளர்கள் 1983இல் பிரித்தெடுத்த 'டென்டிகுலேட்டின்' மீன்களுக்கு நஞ்சு. இதன் மூலக்கூறு அமைப்பு சிக்கலானது. ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிப் பார்ப்பதே வேதியியலாளர்களுக்கு ஒரு சவாலாக இருந்திருக்கிறது.

கோழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல இனங்கள் பாறையில் தமக்கென்று ஓர் இடம் வைத்திருக்கின்றன. அந்த இடத்துப் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஓட்டின் விளிம்பும் வளர்ந்திருக்கும். அலை வந்து நனைக்கும் நேரத்தில் மேயக் கிளம்பிப்போய், போன வழியில் விட்டுச்சென்ற கோழைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்துவிடும்.

இப்படி ஓர் உயிரை ஆயிரக்கணக்கான பேர் கடந்து போயிருக்கிறார்கள். அவர்களுள் இயற்கையியலாளர்களும் அடக்கம். லின்னேயஸ் 1758இல் இவற்றுள் ஒன்றுக்குப் பெயர் வைத்தபோது, உண்மையான லிம்பெட்டுகளின் பேரினமான 'பட்டெல்லா'வுக்குள்தான் போட்டார். சவர்பி 1823இல்தான் சைஃபனேரியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். அதற்குப் பிறகு வேறொரு குழப்பம் தொடங்கியது. இவற்றின் ஓடு இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே போகும். அலை பலமாக அடிக்கும் பாறையில் ஒரு மாதிரி, ஒதுக்குப்புறத்தில் ஒரு மாதிரி. வெயில் காய்ந்து, அலை தேய்த்து, மேலே பாசி படர்ந்துவிட்டால் கோடுகளும் நிறமும் மறைந்துபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் உடல் இல்லாத காய்ந்த ஓடுகள். அவற்றை மட்டும் பார்த்து ஏராளமான பெயர்கள் வைக்கப்பட்டன. ஓட்டை நம்பியதால் தவறு இரண்டு பக்கமும் நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அருகருகே வாழும் நான்கு இனங்கள் என்று கருதப்பட்டவற்றை டெஸ்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் மரபணுவால் சோதித்தார்கள். நான்குக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. சூழலுக்கு ஏற்ப ஓடு மாறும் ஒரே இனத்துக்குத்தான் நான்கு பெயர் கொடுத்திருக்கிறோமோ என்று 2007இல் எழுதினார்கள். அட்லாண்டிக்கில் நேர்மாறு. லின்னேயஸ் பெயர் வைத்த சைஃபனேரியா பெக்டினேட்டா அந்தக் கடலின் இரு கரைகளிலும் வாழ்வதாக நெடுநாள் நம்பினார்கள். கோன்சாலோ ஜிரிபெட், கிசேல் கவாவுச்சி இருவரும் 2016இல் அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஃபுளோரிடாப் பக்கத்து நத்தைக்குப் புதிய பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. 1872இலேயே ஸ்டெர்ன்ஸ் வைத்த 'நாஃப்ரகம்' என்ற பெயர் பட்டியலில் இருந்தது. அதிகம் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

புதிய இனத்தைக் கண்டுபிடிப்பது என்றால் யாரும் போகாத இடத்துக்குப் போய் யாரும் பார்க்காததைப் பார்ப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த நத்தைகளின் விஷயத்தில் அது பெரும்பாலும் சரிப்படாது. நத்தை எல்லாருடைய கண்ணிலும் பட்டிருக்கும். அது வேறு இனம் என்பதைச் சொல்வதற்கான வேலைதான் மிச்சம் இருக்கும். அந்த வேலை கரையில் தொடங்கி, அருங்காட்சியக இழுப்பறையிலும் நுண்ணோக்கியின் அடியிலும் முடிகிறது.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையை எடுத்துக்கொள்வோம். டியேரா டெல் ஃபுவேகோ தீவுகளும் அவற்றை ஒட்டிய கால்வாய்களும் உள்ள குளிர்ந்த கரை அது. 1838 முதல் 1842 வரை உலகைச் சுற்றிய அமெரிக்கக் கடற்பயணக் குழு அங்கும் தங்கியது. அவர்கள் கொண்டுவந்த ஓடுகளை அகஸ்டஸ் கூல்ட் ஆராய்ந்து, 1846இல் அந்தப் பகுதி நத்தை ஒன்றுக்கு சைஃபனேரியா லேட்டராலிஸ் என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, 1827இல், பிளான்வில் லெசோனியை என்ற இனத்தை விவரித்திருந்தார். பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் அந்தப் பாறைகளில் யாராவது ஒரு சைஃபனேரியாவை எடுத்தால் இவற்றில் ஏதாவது ஒரு பெயரையோ, இடையில் சேர்ந்த வேறு சில பெயர்களில் ஒன்றையோ போட்டுவிடுவார்கள்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த மரினா குல்லர், டியேகோ செலாயா, கிறிஸ்தியான் இத்துவார்த்தே மூவரும் அங்கே உண்மையில் எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்து 2015இல் விடை சொன்னார்கள். மூன்று. லெசோனியை, லேட்டராலிஸ், இவற்றோடு அறிவியலுக்குப் புதிதான ஒன்று. அந்தத் தீவுகளின் பெயரிலேயே அதற்கு சைஃபனேரியா ஃபுவேகியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

'புதிதான ஒன்று' என்று எழுதிவிடுவது எளிது. அதை நிலைநாட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். முதல் வேலை பழைய பெயர்களைத் தேடுவது. பெயர் வைக்கும் விதிகளின்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. நம் கையில் இருக்கும் நத்தைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒற்றைப் பத்தி விவரிப்போடு பெயர் வைத்திருந்தால், நாம் வைக்கும் பெயர் செல்லாது. அதனால் அந்தப் பகுதியில் இருந்து விவரிக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் அடிப்படையாக இருந்த அசல் ஓடு எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எடுத்துப் பார்த்து, நம்முடையது அது இல்லை என்று காட்ட வேண்டும். மூலமாதிரி என்று இந்த அசலைச் சொல்வார்கள். பெயருக்கு நங்கூரம் அதுதான். விவரிப்பு தெளிவில்லாமல் இருக்கலாம், படம் தவறாக இருக்கலாம். மூலமாதிரி இருந்தால் பெயர் எந்த உயிருக்கு உரியது என்பதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஓட்டுக்கு உள்ளே போவது. ஆல்கஹாலில் பாதுகாத்த உடலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசிமுனைக் கருவிகளால் பிரித்து, இனப்பெருக்க உறுப்புகளை வரைந்துகொள்கிறார்கள். இருபால் உயிரி என்பதால் அந்த உறுப்பமைப்பு சிக்கலானது. ஒரு நத்தை இன்னொன்றுக்கு விந்தணுக்களை ஒரு நுண்ணிய பொதியாகக் கட்டிக் கொடுக்கிறது. அந்தப் பொதியின் நீளம், வடிவம், அதை வாங்கி வைக்கும் பையின் குழாய் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடும். அலையும் வெயிலும் ஓட்டைத் தேய்த்து மாற்றுகின்றன. இந்த உறுப்புகளை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் ஓட்டைவிட இவற்றுக்கு மதிப்பு அதிகம். மூன்றாவதாக மரபணு. உடலில் இருந்து துளி திசுவை எடுத்து, சில மரபணுத் துண்டுகளின் எழுத்து வரிசையைப் படித்து, மற்ற இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். உறுப்பும் மரபணுவும் ஒரே எல்லைக்கோட்டைக் காட்டும்போதுதான் இனம் என்ற சொல்லை உறுதியாகப் பயன்படுத்த முடிகிறது. ஒன்றை மட்டும் வைத்து எழுதுகிற விவரிப்புகள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு நத்தையைப் புதிய மூலமாதிரியாகத் தேர்ந்தெடுத்து, எண் கொடுத்து, யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். மற்ற இனங்களில் இருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி வெளியிட்டதும் பெயர் பிறக்கிறது. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. விவரிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று விலங்கியல் விதி கட்டாயப்படுத்தவில்லை. உலகம் பரவலாகப் படிக்கும் மொழியில் எழுதுவது நல்லது என்று பரிந்துரைக்கிறது. விதியின் கண்ணில், தமிழில் எழுதிய விவரிப்பும் செல்லும்.

பெயர் கிடைத்தபின் ஃபுவேகியென்சிஸ் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2018இல் சிலே நாட்டின் கிளாடியோ கோன்சாலெஸ்-வெவார் குழுவினர் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குப் பெருங்கடல் தீவுகளின் சைஃபனேரியாக்களை மரபணு வழியாக ஒப்பிட்டார்கள். ஒன்றில் இருந்து ஒன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நடுவே கொந்தளிக்கும் கடலோடு இருக்கும் தீவுகள் அவை. ஒவ்வொரு தீவிலும் அதற்கே உரிய தனி இனம் உருவாகியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இருந்தது வேறு. லேட்டராலிஸும் ஃபுவேகியென்சிஸும்தான் தீவுக்குத் தீவு பரவியிருந்தன. தனித் தீவு இனம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை.

லேட்டராலிஸ் மிதக்கும் குஞ்சுப் பருவம் இல்லாத இனம். முட்டையில் இருந்து ஊர்ந்துதான் வெளியே வருகிறது. தான் பிறந்த பாறையைவிட்டு அதிகம் நகராத ஒன்று பெருங்கடலை எப்படிக் கடந்தது? ஆய்வாளர்கள் கைகாட்டுவது டர்வில்லியா அண்டார்டிகா என்ற பெரிய கடற்பாசியை. தேன்கூடு போன்ற காற்றறைகள் நிறைந்த அதன் தடித்த இலைகள் மிதக்கும். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியின் பொந்துகளில் சிறு உயிர்கள் குடியிருக்கும். புயலில் பிய்ந்து கடலோடு போகும்போது அந்தக் குடித்தனம் முழுவதும் கூடவே போகிறது. முட்டை நாடாவும் ஒட்டியிருந்தால் அடுத்த தலைமுறையும் அதே படகில் ஏறிவிடுகிறது. இந்தப் பாசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் 2018இல் ஒரு கணக்கு வந்தது. அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் கரை ஒதுங்கிய டர்வில்லியாவின் மரபணுவை செரிட்வென் ஃபிரேசரும் குழுவினரும் படித்தார்கள். ஒரு துண்டு தெற்கு ஜார்ஜியாவில் இருந்தும் இன்னொன்று கெர்கலென் தீவில் இருந்தும் வந்திருந்தன. கெர்கலெனில் இருந்து வந்தது 20,000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள்.

இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் இதே வேலை நடக்கிறது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் புரூஸ் ஜென்கின்ஸ், ஃபிராங்க் கோலர் இருவரும் இப்பகுதியின் சைஃபனேரியாக்கள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்து 2024இல் பெரிய நூல் அளவுக்கு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏராளமான புதிய இனங்கள் அதில் விவரிக்கப்பட்டன. நம் துணைக்கண்டத்துக்கும் இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. ரீவ் 1856இல் கராச்சியின் பெயரால் குராச்சியென்சிஸ் என்ற இனத்தை விவரித்தார். மெல்வில் 1893இல் பம்பாய்க்கு வடக்கே உள்ள வசாயின் பழைய பெயரால் பேசைனென்சிஸ் என்பதை விவரித்தார். வேறு துறைமுக ஊர்களின் பெயர் தாங்கிய நத்தைகளும் உண்டு. இந்தப் பெயர்களின் எல்லையைத் தீர்மானிக்கக் காய்ந்த ஓடு போதாது. பெயருக்கு உரிய அதே ஊரின் கரையில் உயிரோடு இருக்கும் நத்தையை எடுத்து, உடலைப் பிரித்து, மரபணுவைப் படித்து, பழைய ஓட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கரைப் பாறைகளில் சைஃபனேரியாவைக் குறித்துவைக்கும் மாணவர்கள் இடத்தையும் நாளையும் எழுதி, உடலை ஆல்கஹாலில் போட்டு வைத்தால், ஓட்டை மட்டும் சேர்ப்பதைவிட அது பல மடங்கு பயன்படும்.